தண்ணித் தொட்டி தெரியுதா?

அக்கா: ஜன்னல் கண்ணாடியை எத்தனை தடவைடா துடைப்ப? பனி உள்ள இல்ல, வெளியில இருக்கு.

தம்பி: கை சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா.

அக்கா: லீவு முடிஞ்சு வந்த மொத நாளே இந்தப் பாடா... பாப்பா எப்படி இருக்கா?

தம்பி: நல்லா இருக்கா. என் மாமியார் வீட்டுல, அவங்கம்மாகூட... அடுத்த வாரம் கூட்டிட்டு வரணும்.

அக்கா: அடுத்த வாரமா? இந்த வாரம்னு சொன்ன மாதிரி...

தம்பி: போன் அடிக்குதுக்கா. விமானக் கட்டுப்பாட்டு டவர்தான்.

டவர்: வானிலை ரூமா? மேடம், இறங்க வந்த விமானம் திரும்ப மேல ஏறிடுச்சு.

அக்கா: சத்தம் கேட்டுச்சு சார்.

டவர்: ஓடுபாதை விளக்கு கண்ணுக்குப் படலையாம். இப்ப மேல சுத்திட்டு இருக்காங்க. எண்ணூறு மீட்டருக்குத் தெரியுதுன்னு நீங்க சொன்னாத்தான் மறுபடி இறங்க முடியும்.

அக்கா: தூரம் அளக்கிற கருவி ரிப்பேர் சார். கண்ணாலதான் பாக்கணும். பாத்துட்டுச் சொல்றேன்.

தம்பி: எண்ணூறு மீட்டர்ல இருக்கிறது தண்ணித் தொட்டிதானே? தொட்டி தெரியுதுக்கா. சொல்லிடுங்க.

அக்கா: இரு.

தம்பி: என்ன இரு? அதோ, கொடிக்கம்பத்துக்கு வலது பக்கம். குண்டா, உருண்டையா...

அக்கா: எனக்கு அறுநூறுல இருக்கிற கொடிக்கம்பமே பாதிதான் தெரியுது.

தம்பி: உங்க கண்ணாடியை மாத்துங்க மொதல்ல.

அக்கா: வாய் மட்டும் குறையல. சரி, தொட்டி தெரியுதில்ல? சாரம் தெரியுதா?

தம்பி: என்ன சாரம்?

அக்கா: சொல்லு. தொட்டியைச் சுத்தி என்ன தெரியுது?

தம்பி: ஒண்ணும் இல்ல. தொட்டி மட்டும்தான். வெள்ளையா, பளிச்சுனு.

அக்கா: நீ லீவுல போன மறுநாளே பெயிண்ட் அடிக்கிறோம்னு மேலருந்து கீழ வரைக்கும் சாரம் கட்டிட்டாங்க. பச்சைத் துணி போட்டு மூடியும் வெச்சிருக்காங்க.

தம்பி: பச்சைத் துணியா? எனக்கு வெள்ளையால்ல தெரியுது!

அக்கா: நீ பாக்கறது வெளியில இருக்கிற தொட்டி இல்ல தம்பி. தினமும் பாத்துப் பாத்து மண்டைக்குள்ள வெச்சிருக்கியே, அது.

தம்பி: சத்தியமாத் தெரிஞ்சுதுக்கா.

அக்கா: தெரியும்டா. அந்த இடத்துல இருக்குன்னு மனசுக்குத் தெரிஞ்சா கண்ணு வரைஞ்சு காட்டிடும். நான் அறுநூறுதான் சொல்லப்போறேன்.

தம்பி: அக்கா, ஒரு நிமிஷம். மேலருந்து ஓடுபாதை தெரியுதுன்னு அந்தப் பைலட்டம்மாவே சொன்னாங்களே, ரேடியோவுல. நீங்களும்தானே கேட்டீங்க?

அக்கா: மேல நின்னு நேராக் கீழ பாத்தா தெரியும். பனி மெல்லிசுப் போர்வைதானே? இறங்கும்போது சாய்வா வரணும். அப்ப அதே போர்வைக்குள்ள நீளமாப் பாக்கணும். இருந்த பாதை மாயமாப் போயிடும். அவளை ஏமாத்துற பனியே இந்தப் பனிதான்.

தம்பி: மழைன்னா கூடப் பரவாயில்லையோ...

அக்கா: மழைன்னா முன் கண்ணாடியில தண்ணி ஓடும், பாதையை வேற இடத்துல இருக்கிற மாதிரி காட்டும். புழுதிக் காத்துன்னா சூரியன் பக்கம் திரும்பினாலே கண்ணு கூசும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு குசும்பு. போனைக் குடு. சார்? அறுநூறு. அதுக்கு மேல இல்ல.

டவர்: சரி மேடம், சொல்லிடறேன். அவங்க கொஞ்ச நேரம் சுத்துவாங்களாம். அப்பவும் விலகலைன்னா அடுத்த விமான நிலையத்துக்குப் போயிடுவாங்க. அதுக்கு வேண்டிய எரிபொருளைத் தனியா வெச்சிருக்காங்க.

தம்பி: குரலைக் கேட்டீங்களாக்கா, அந்தம்மாவோட? காய்கறிக் கடையில விலை கேக்கற மாதிரிப் பேசுறாங்க.

அக்கா: ம்.

தம்பி: தரையைத் தொடப்போற நேரம். பின்னாடி உக்காந்திருக்கிற அத்தனை பேரும் இறங்கிட்டோம்னு பையைத் தேடிட்டு இருப்பாங்க. விளக்கு தெரியலைன்னதும் யோசிக்கவே இல்ல, ஏறிட்டாங்க. நானா இருந்தா இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு போயிருப்பேன்.

அக்கா: அதான் உன்னை இங்க உக்கார வெச்சிருக்காங்க.

தம்பி: கிண்டல் பண்ணாதீங்க. எனக்கு அவங்களை நினைச்சாப் பெருமையா இருக்கு. யார் பெத்த பிள்ளையோ.

அக்கா: பெருமை எல்லாம் அப்புறம். ஜன்னலைப் பாரு.

தம்பி: பாத்துட்டுத்தான் இருக்கேன்.

அக்கா: வெயில் ஏறுது. கிழக்கால பாரு, பனி லேசா அசையுது.

தம்பி: கொடிக்கம்பம் முழுசாத் தெரியுது. வேலியும்...

அக்கா: அவசரப்படாத. கண்ணை மூடி, கொஞ்சம் விட்டுத் திற. நான் எதுவும் சொல்ல மாட்டேன். உனக்குத் தெரியறதை மட்டும் சொல்லு.

தம்பி: தொட்டி... இல்லக்கா, தொட்டி தெரியல. பச்சையா ஒண்ணு நிக்குது.

அக்கா: அப்புறம்?

தம்பி: ஓரத்துல கம்பு கம்பா... சாரம்தான். மேல ஒரு ஆள்.

அக்கா: ஏறுறானா, இறங்குறானா?

தம்பி: இறங்குறான். இப்ப நின்னுட்டான். உக்காந்துட்டான்க்கா.

அக்கா: சரி. டவருக்கு நீயே சொல்லு.

தம்பி: சார், எண்ணூறு தாராளமாத் தெரியுது. ஆயிரம்னே போட்டுக்கலாம். விலகிட்டே இருக்கு.

டவர்: சொல்லியாச்சு. வர்றாங்க.

தம்பி: சத்தம் கேக்குது... விளக்கு, அக்கா, அதோ விளக்கு... தொட்டுடுச்சு. பூ மாதிரி வெச்சாங்க பாருங்க.

அக்கா: ம்... இறங்கிட்டா.

தம்பி: அக்கா.

அக்கா: என்னடா, அழுற?

தம்பி: அடுத்த வாரம்னு சொன்னது பொய். என் பொண்டாட்டியும் பாப்பாவும் இந்த விமானத்துலதான் வர்றாங்க.

அக்கா: அடப்பாவி. ஏன்டா சொல்லல?

தம்பி: சொன்னா ஜன்னல் பக்கமே விட்டிருக்க மாட்டீங்க.

அக்கா: கண்டிப்பா விட்டிருக்க மாட்டேன்.

தம்பி: நீங்க மட்டும் இல்லைன்னா, அந்த இல்லாத தொட்டியை நம்பி அவங்களை இறக்கியிருப்பேன். எப்படிக்கா அப்படிக் கல்லு மாதிரி நின்னீங்க?

அக்கா: கல்லா? நானும்தான்டா ஏமாந்தேன்.

தம்பி: நீங்களா? எதுலக்கா?

அக்கா: அந்த வெள்ளைத் தொட்டி உனக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுதுடா, சாரமே இல்லாம. அதுக்கப்புறம் என் கண்ணை நான் நம்பல. அதான் உன்னைப் பாக்கச் சொன்னேன்... அந்த விமானத்தை ஓட்டிட்டு வந்தவ என் தங்கச்சி.