பாணனுக்கு அரை நிமிடம்

“நீ ஏன் விளையாட வர்றதில்ல?” என்று வக்கீல் ஒருநாள் என்னிடம் கேட்டான். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தவன், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான். சாதாரணக் கேள்விதான். நான் தலையை ஆட்டிவிட்டு, கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினேன்.

அவன் நிஜ வக்கீல் இல்லை. அச்சகத்தின் பின்னறையில் புத்தக முதுகுகளுக்குப் பசை தடவுகிறவன். திக்குவாய். அதனால் என் அண்ணனின் சிநேகிதர்கள் அவனுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விளையாட்டு தொடங்கும். ஆளுக்கொரு வேடம். அண்ணன் கதை சொல்வான். குகை, பூதம், எரியும் காடு எல்லாம் அவன் வாயிலிருந்து வரும். மற்றவர்கள் தங்கள் வேடம் என்ன செய்யப்போகிறது என்று சொல்லி இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும், சின்ன எண் விழுந்தால் அடி. ஆம்புலன்ஸ் ஓட்டும் டிரைவர் வாள்வீரன். மாடி வீட்டு டெய்லர் அக்கா மந்திரவாதி. வக்கீல் திருடன். திருடனுக்குப் பேச்சு தேவையில்லை, வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டினால் போதும்.

நான் விதிகளை எழுதுவேன். ஒன்பதாம் வகுப்பில், எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்ன நாளோடு பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஆனால் கணக்கு எனக்கு வரும். எந்த வேடத்துக்கு எவ்வளவு பலம், எவ்வளவு பலவீனம் என்பதெல்லாம் என் பச்சை அட்டை நோட்டில் இருக்கும். சமையலறைத் திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, யாரால் ஆட்டம் திரும்பியது என்று கோடு போட்டுக்கொண்டே வருவேன். ஒருவர் கை ஓங்கினால் அடுத்த வாரம் அவர் பலத்தைக் கொஞ்சம் குறைப்பேன். சும்மா உட்கார்ந்திருப்பவருக்குக் கொஞ்சம் கூட்டுவேன். இதில் கோபமோ பாசமோ கிடையாது. டிரைவர் ஒருமுறை திரையைப் பார்த்து, “குட்டி, என் வாளை இப்படி மொக்கையாக்கிட்டியே, இத வெச்சு வெள்ளரிக்காகூட நறுக்க முடியாது போலிருக்கே” என்று கத்தினார். அடுத்த வாரமும் வந்து விளையாடத்தான் செய்தார்.

வக்கீலுக்குப் பாணன் வேடத்தை உருவாக்கிக் கொடுத்ததும் நான்தான். இதை யாரும் மறந்துவிடக் கூடாது. என் நோட்டில் அவன் பெயருக்கு நேரே ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது, பார்க்கப் பாவமாக இருந்தது. பாணன் வாய்திறந்து பேசினால், கூட நிற்பவர்களின் பகடையில் ஐந்து கூடும். எந்த வார்த்தை வேண்டுமானாலும் பேசலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். அண்ணன் அதை வாசித்ததும் டிரைவர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

“இவனா? இவன் பேசி முடிக்கறதுக்குள்ள பூதத்துக்கு நரை வந்துடும்டா.”

“நீ வாய மூடு. அவன் தொறக்கட்டும்” என்றார் டெய்லர் அக்கா.

முதல் வாரம் மூன்று வார்த்தை பேசினான். அடுத்த வாரம் ஒரு முழு வாக்கியம். பாணனாக இருக்கும்போது குரலை இழுத்து, பாதி பாட்டாகப் பேசினான். அப்படிப் பேசினால் நாக்கு அவ்வளவாக மாட்டவில்லை. மாட்டும் என்று தெரிந்த சொல் எதிரே வந்தால், தெருவில் நாயைப் பார்த்தவன் மாதிரி வேறு சொல்லுக்குள் திரும்பிவிடுவான். ஐந்தாம் வாரம் அவன் பேச ஆரம்பித்ததும் மற்றவர்கள் பகடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். டெய்லர் அக்கா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

அன்றுதான் அவன் சமையலறைக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டது. ஓரிடத்திலும் மாட்டாமல் கேட்டான். பாணனின் குரலில் இல்லை, சொந்தக் குரலில்.

பிறகு அவனாகவே சொன்னான். அச்சகத்தில் முன்மேசை காலியாகிறதாம். மாதக் கடைசித் திங்கட்கிழமை முதலாளி அவனை ஒருநாள் அங்கே உட்காரவைத்துப் பார்க்கப்போகிறாராம்.

“வர்றவங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேக்கணும். எத்தனை ப்... ப்... பிரதி வேணும்னு. அந்த ப தான் எனக்கு எமன். இன்னும் மூணு வாரம் இருக்கு. இங்க வந்துட்டா அங்கயும் வந்துடும்.” டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். “உனக்கும் பேச்சு வரும். திரைய விலக்கிட்டு வந்து உக்காரு. நான் பாத்துக்கறேன்.”

நான் பாத்துக்கறேன் என்றான். ஆறு வாரத்துக்கு முன்பு விரலைக் காட்டிக்கொண்டிருந்தவன்.

அன்று கோடுகளை எண்ணினேன். ஆட்டம் திரும்பிய இடங்கள் பதினொன்று. அதில் எட்டு பாணனால். நியாயமான ஆள் யாராக இருந்தாலும் இது அதிகம் என்றுதான் சொல்வார்.

முதலில் நேரம் வைத்தேன். பழைய விளையாட்டுப் பெட்டியில் ஒரு மணல் கடிகாரம் இருந்தது, அரை நிமிடத்தில் வடிந்துவிடும். மணல் தீர்வதற்குள் பாணன் பேசி முடிக்க வேண்டும். “ஆமா, இல்லாட்டி இவன் சாயங்காலம் வரைக்கும் பேசுவான்” என்றான் அண்ணன். அதில் பெருமைதான் இருந்தது. அன்று வக்கீல் பூதத்தைப் பார்க்கவில்லை, மணலையே பார்த்தான். நான்கு முறை மாட்டினான்.

அடுத்த வாரம் இன்னொரு விதி. பாணன் ஒரு சொல்லைத் தொடங்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் பாட்டு முறியும். முறிந்தால் பக்கத்தில் நிற்பவருக்குக் காயம். பெரிய பலத்துக்கு ஓர் ஆபத்து இருக்க வேண்டும். டெய்லர் அக்கா மட்டும் திரைப்பக்கம் திரும்பி, “குட்டி, இது கொஞ்சம் ஓவரா இல்ல?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாதவள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் வாரம், இஷ்டப்பட்ட வார்த்தையைப் பேசுவதை நிறுத்தினேன். வாள்வீரனின் வாள் நினைத்த நேரத்தில் ஈட்டியாக மாறாது. பாணனுக்கு மட்டும் என்ன சலுகை? ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரியை நானே எழுதிக் கொடுத்தேன். எரியும் காட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு பாலம் வரும். அதைத் திறக்கப் பாணன் சொல்ல வேண்டிய வரி: பாறையே, பாலமே, பணிந்து பாதை விடு.

அண்ணன் அதை வாசித்தபோது வக்கீல் அசையாமல் இருந்தான். அண்ணன் மணலைத் திருப்பி வைத்தான்.

டிரைவரின் வாள்வீரன் நான்கு வருடங்களாகச் சாகாதவன். அவன்தான் பாணனின் பக்கத்தில் நின்றான்.

“சொல்லுடா வக்கீலு. ஒரே வரி. என் உசுரு உன் வாயிலதான் இருக்கு.”

“ப்... ப்... ப்...”

முதல் காயம். மணலைத் திருப்பினார்கள். இரண்டாவது காயம். அவன் குரலை இழுத்துப் பாடிப் பார்த்தான், மேசையைத் தட்டித் தாளம் போட்டுப் பார்த்தான். உதடு ஒட்டிக்கொண்டு நின்றது. மூன்றாவது முறை டெய்லர் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாள்வீரன் செத்தான்.

“போதுமா?” டிரைவர் பகடையைத் தூக்கி எறிந்தார். “நாலு வருஷம்டா. ஒரு வரி சொல்ல வரல, உனக்கெல்லாம் எதுக்குடா பாணன் வேஷம்?”

நான் என் கோட்டைப் போட்டேன். அன்று பாணனால் ஆட்டம் திரும்பிய இடம் ஒன்றுகூட இல்லை. எட்டாக இருந்தது இல்லாமல் போனதில் எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். இரண்டோ மூன்றோ இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை அச்சகத்துக்கு முதலில் வந்தவர் ஒரு கிழவர். வக்கீல் வாயைத் திறக்க முயன்றதைப் பார்த்து, வலிப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாராம். பத்து மணிக்கே முதலாளி அவனைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டார். அண்ணன் சாப்பிடும்போது சொன்னான். என் விதிகள் அந்த மேசைக்கு மட்டுமானவை. வெளியே நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

அடுத்த சனிக்கிழமை வக்கீல் மற்றவர்களுக்கு முன்பே வந்தான். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். திரையை விலக்கி, பச்சை நோட்டை விரலால் காட்டினான். கொடுத்தேன்.

நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்தும் எழுதுவது எனக்குப் பள்ளியில் பழகியது. அண்ணன் முன்பக்கத்தை மட்டும்தான் பார்ப்பான். பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது கொடுக்கும்போது எனக்கு நினைவிருந்ததா என்று யாராவது கேட்டால், இருந்தது.

அவன் விதிகளைப் படித்தான். பிறகு நோட்டைத் திருப்பினான். அவன் அந்தக் கேள்வியைக் கேட்ட நாளிலிருந்து, எந்த எழுத்தில் எத்தனை முறை மாட்டினான் என்று நான் எழுதி வைத்த பட்டியல். ப முப்பத்தொன்று, க பன்னிரண்டு, த நான்கு. கீழே, ‘எத்தனை பிரதி?’ அதற்கும் கீழே பாலத்து வரி. ஐந்து முறை அடித்துத் திருத்தியிருந்தேன். ‘கல்லே, வழி விடு’ என்றுதான் முதலில் எழுதியிருந்தது. அடிக்க அடிக்க ப-க்கள் கூடிக்கொண்டே போயின.

நோட்டை மூடி என் மடியில் வைத்தான். மேசையிலிருந்த மணல் கடிகாரத்தை எடுத்து வந்து, திருப்பி, எனக்கு எதிரே அலமாரித் தட்டில் வைத்தான். மணல் வடியும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அரை நிமிடம் முழுதாக இருந்தது. ஏதாவது சொல்ல நினைத்திருந்தால் அவன் சொல்லியிருக்கலாம், நான் தடுக்கவில்லை.

கடைசி மணல் விழுந்ததும் வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.