பெட்ஷீட் கொள்ளாத மிஷின்

ஹில்டா: இது மிஷினாப்பா? மாவு டின்னுக்கு வயர் மாட்டி வச்ச மாதிரி இருக்கு!

அசரியா: இருந்துட்டுப் போகட்டும். இதுவே போதும்.

அயூப்: டீச்சரம்மா, அப்படி ஒரேயடியா சொல்லாதீங்க. ஜப்பான் சரக்கு. என் மச்சான் சிங்கப்பூர்லருந்து கப்பல்ல வரச்சொல்ல மடியிலயே வச்சுக்கினு வந்தான்.

ஹில்டா: மடியில வச்சா மடியில கொள்ற அளவுதானே இருக்கும்? அந்தப் பெருசைக் காட்டுங்க பாய்.

அசரியா: பெருசு எதுக்கு? பாய், நீங்க சின்னதையே ஓட்டிக் காட்டுங்க.

ஹில்டா: தாம்பரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கினதுலருந்து இதே பாட்டுப்பா உங்களோட. கடைக்குள்ள காலே வைக்கல, சின்னது போதும், சின்னது போதும்...

அசரியா: வீட்டுல எடம் வேணாமா?

ஹில்டா: செம்பாக்கம் வீட்டுல எடமா இல்ல? கெணத்தடி பூரா சும்மாதானே கெடக்கு.

அயூப்: அப்பாவும் மகளும் அப்புறம் சண்டை போடுங்க. மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. வூட்ல தொவைக்கப் போறது யாரு? ஆளைப் பார்த்துத்தான் மிஷின் சொல்லணும்.

ஹில்டா: இதோ நிக்கிறாரே, இவர்தான்.

அயூப்: சார்தானா! ஏன், அம்மா...

ஹில்டா: இருக்காங்க பாய். படுக்கையில. கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துடுச்சு. பேச்சும் போச்சு. எல்லாமே படுக்கையிலதான்.

அசரியா: அதெல்லாம் அவருக்கு எதுக்கு ஹில்டா...

ஹில்டா: சொன்னாத்தானேப்பா சரியானதா எடுத்துக் குடுப்பார். பச்சையம்மான்னு ஒருத்தி வந்து தொவைச்சுக்கிட்டு இருந்தா பாய். அவளும் ஒரு நாள் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டா. அழுக்குத் துணி எவ்வளவு வேணா போடுங்க, இந்தத் துணி என்னால ஆவாது டீச்சர்னுட்டா.

அயூப்: அவளைச் சொல்லியும் குத்தமில்ல.

அசரியா: குத்தம் யாரையும் சொல்லல. நீங்க ஓட்டுங்க.

அயூப்: இதோ ப்ளக்கைச் சொருகிட்டேன். டீச்சரம்மா, அந்தத் துண்டை உள்ள போடுங்க. சார், குடத்துத் தண்ணியைக் கொஞ்சம் சாய்ங்க... போதும், போதும். ஆங்! பார்த்தீங்களா, இன்னா மாதிரி சுத்துது!

ஹில்டா: பரவாயில்லையே! தூக்கிக்கூட வைக்கலாம் போலிருக்கு. அப்பா, உங்க கணக்கு வகுப்புப் பசங்க மாதிரி உக்காந்த எடத்துலயே ஆடுது பாருங்க.

அசரியா: தண்ணி நாமதான் ஊத்தணுமா?

அயூப்: குழாய் இருந்தா ட்யூப் மாட்டிக்கலாம் சார்.

அசரியா: குழாய் ஏது. கெணறுதான்.

அயூப்: அப்போ வாளிதான். சின்னதுக்குக் கொஞ்சம் போதும். பெருசு நல்லாக் குடிக்கும். அலச ஒரு தரம் வேற ஊத்தணும்.

அசரியா: அப்ப மிஷின் தொவைக்கும். இறைக்காது.

ஹில்டா: இவர் பேசுறது தமாஷா கவலையான்னு யாருக்குமே தெரியாது பாய். ஹைஸ்கூல்ல கணக்கு வாத்தியார். வகுப்புல பசங்க சிரிக்கலாமா கூடாதான்னே முழிச்சுக்கிட்டு இருப்பாங்களாம்.

அசரியா: கயிறு இழுத்தா அடிவயித்துல பிடிக்குதும்மா. குடலிறக்கம்னுட்டார் டாக்டர். இறைக்கவே கூடாதாம்.

ஹில்டா: எப்போ?

அசரியா: லெந்து நோன்பு நாள்ல.

ஹில்டா: லெந்து முடிஞ்சு ஈஸ்டரும் முடிஞ்சாச்சு! ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரேன், ஒரு வார்த்தை சொன்னீங்களா? அப்புறம் தண்ணி?

அசரியா: பக்கத்து வீட்டு கங்கையம்மாள் காலையில ரெண்டு வாளி வச்சுட்டுப் போறாங்க. ஒலை வைக்க, உங்கம்மாவைத் துடைக்க... அது சரியாப் போயிடும்.

ஹில்டா: ரெண்டு வாளியிலயா? ...பாய், நீங்க சொல்லுங்க. இந்த டின்னுல ஒரு பெட்ஷீட் கொள்ளுமா?

அயூப்: கொள்ளாதும்மா. மறைக்கிறதுக்கு இன்னா இருக்கு. சட்டை, பனியன், வேட்டி, ஒரு நூல் பொடவை. ஷீட்டைத் திணிச்சா மோட்டார் பொகைஞ்சுடும்.

ஹில்டா: கேட்டுக்கிட்டீங்களாப்பா? நமக்கு வேண்டியதே ஷீட்டுக்குத்தான். உங்க கையைப் பாருங்க, சலவைச் சோடாவுல ஊறி ஊறி எப்படி வெடிச்சிருக்கு! பெருசுதான். பேச்சே இல்ல.

அசரியா: ஷீட்டு அவ்வளவா நனையறதில்ல ஹில்டா.

ஹில்டா: என்னது?

அசரியா: இப்பல்லாம் அவ்வளவா நனையறதில்ல. ராத்திரிகூட... காஞ்சுதான் இருக்கு.

ஹில்டா: அப்பா! நிஜமாவா? இதை ஏன் இவ்வளவு நாளாச் சொல்லல? டாக்டர் சொன்னாரேப்பா, அந்தக் கட்டுப்பாடு திரும்பி வந்தா மத்ததும் ஒண்ணொண்ணா வரும்னு! கை வரும், பேச்சு வரும்னு...

அசரியா: சொன்னார்.

ஹில்டா: ஸ்தோத்திரம் ஆண்டவரே! பாய், உங்க கடையில வச்சு நல்ல சேதி கேட்டேன் பாருங்க.

அயூப்: அல்லா பெரியவன்மா. நல்லா எழுந்து நடப்பாங்க.

ஹில்டா: எனக்கு அன்னிக்கே தோணுச்சுப்பா. போதகர் ஐயா வீட்டுக்கே வந்து திருவிருந்து குடுத்தாரே, அன்னிக்கு! பாய், கேளுங்க இந்தக் கூத்தை. எங்கள்ல நோயாளிகளுக்கு வீட்டுக்கே வந்து அப்பமும் திராட்சரசமும் குடுப்பாங்க. ரசம் சும்மா ஒரு வாய் நனைக்கிறதுதான். எங்கம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? நல்லா இருக்கிற கையால கிண்ணத்தைப் பிடிச்சாங்க பாருங்க... விடவே மாட்டேங்கிறாங்க. கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சுட்டுத்தான் விட்டாங்க!

அயூப்: அட!

ஹில்டா: போதகர் ஐயாவுக்குக் கண்ணே கலங்கிடுச்சு. இப்படி ஒரு பக்தியை நான் பார்த்ததில்லம்மான்னார். இவர்தான் எழுந்து வெளிய போயிட்டார். வெக்கமாம்.

அசரியா: விடு ஹில்டா.

ஹில்டா: ஏன் விடணும்? அந்தக் கையில அன்னிக்கு எவ்வளவு பலம்! உதடுதான் பாவம், பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. வாசலின் தடவுங்கன்னு சொன்னேனே?

அசரியா: வெயில் காலம்மா... தடவறேன்.

அயூப்: ஐய, போச்சுடா! கரண்ட்டு. டீச்சரம்மா, துண்டை வெளிய எடுத்துடாதீங்க. இது ஃப்யூஸா, தெரு பூரா போச்சான்னு பார்த்துக்கினு வரேன். வரச்சொல்ல டீயும் சொல்லிட்டு வரேன்.

ஹில்டா: ...அப்பா.

அசரியா: ம்.

ஹில்டா: பாய் இல்லாதப்பவே சொல்லிடறேன். திட்டாதீங்க.

அசரியா: சொல்லு.

ஹில்டா: இந்த மிஷின் திடீர்னு ஏன்னு நீங்க கேக்கவே இல்லையே?

அசரியா: மாப்பிள்ளை பேங்க் ட்ராஃப்ட் அனுப்பினார், அம்மாவுக்கு உதவியா இருக்கட்டும்னார்னு சொன்னே.

ஹில்டா: அவர் அனுப்பினது நெஜம்தான். கூடவே எனக்கு விசாவும் வந்திருக்கு. பஹ்ரைனுக்கு. நாள் ஆச்சுப்பா வந்து. நான்தான் பெட்டி அடியில போட்டு வச்சுட்டேன்.

அசரியா: ஏம்மா?

ஹில்டா: ஏன்னா... ஏன்னா எப்படிப் போவேன்? அம்மாவை அந்தக் கோலத்துல, உங்களை அந்தக் கெணத்தடியில விட்டுட்டு? அவர் ஒவ்வொரு தடவையும், வர்றியா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்கிறார். போன தடவை, வரலைன்னா இனிமே கேக்க மாட்டேன்னுட்டார். எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. கடைசியில இதுதான் தோணுச்சு. பெரிய மிஷினா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா, மனசைக் கல்லாக்கிக்கிட்டு ஏறிடலாம்னு. எப்படிப்பட்ட பொண்ணு பாருங்க உங்களுக்கு.

அசரியா: அப்படிச் சொல்லாதம்மா. கல்யாணம் பண்ணிக் குடுத்த பொண்ணு. போகத்தான் வேணும்.

ஹில்டா: இப்போ நிம்மதியா போவேன்ப்பா. அதான் ஆண்டவர் செயல். அம்மாவே, நீ போடின்னு சொன்ன மாதிரி இருக்கு. அடுத்த வருஷம் லீவுல வரும்போது அவங்களே வாசல்ல வந்து நிப்பாங்க பாருங்க.

அசரியா: லைட் இன்னும் வரலையே.

ஹில்டா: என்னப்பா, பேச்சை மாத்துறீங்க? இருட்டுல முகமே தெரியல.

அசரியா: ஒண்ணுமில்ல. போயிட்டு வா.

ஹில்டா: ஆங், லைட் வந்துடுச்சு. துண்டும் சுத்துது பாருங்க, விட்ட எடத்துலருந்து!

அயூப்: டீ வந்துக்கினே கீது. இன்னா முடிவு பண்ணீங்க?

ஹில்டா: நீங்களே ஜெயிச்சுட்டீங்கப்பா. பாய், சின்னதையே கட்டுங்க. நனையாத ஷீட்டுக்குப் பெருசு எதுக்கு?

அயூப்: அதான் சரி. ஒரு சாக்குல சுத்தி, கயிறு போட்டுத் தரேன். பஸ்லயே எடுத்துக்கினு போயிடலாம்.

அசரியா: பாய்... கொஞ்சம் பொறுங்க.

ஹில்டா: கட்டுங்க பாய், அவர் அப்படித்தான். அப்பா, இன்னொண்ணு. வர்ற ஞாயிறு கோயில்ல ஸ்தோத்திரக் காணிக்கை வைக்கப் போறேன். அம்மா பேரைச் சொல்லி, சரோஜினி அம்மாளுக்குக் கர்த்தர் கொடுத்த சுகத்துக்காகன்னு போதகர் ஐயாவை சபையில வாசிக்கச் சொல்லப் போறேன். நீங்களும் வந்து முன்னால நிக்கணும்.

அசரியா: வேணாம்.

ஹில்டா: கங்கையம்மாளைப் பார்த்துக்கச் சொல்லிட்டு, ஒரு மணி நேரம்...

அசரியா: வேணாம்னு சொல்றேன்ல!

ஹில்டா: ஏன்ப்பா கத்துறீங்க? கடையில நாலு பேர் பாக்குறாங்க.

அசரியா: பாய், கயிறை அவுத்துடுங்க. பெருசைக் கட்டுங்க.

அயூப்: சார்?

அசரியா: பெருசு. ஷீட் கொள்றது.

ஹில்டா: என்னப்பா இது வெளையாட்டு! காலையிலருந்து சின்னது சின்னதுன்னு உசுரை வாங்கிட்டு... அதுக்குத் தண்ணி யார் இறைக்கிறது?

அசரியா: நான் இறைச்சுக்கிறேன்.

ஹில்டா: டாக்டர் கூடாதுன்னார்னு இப்பத்தானே சொன்னீங்க?

அசரியா: குடல் எறங்கினா எறங்கிட்டுப் போகட்டும்.

ஹில்டா: அப்பா... என்ன பேச்சு இது. நான் ஊருக்குப் போறேன்னதும் கோவமா?

அசரியா: உன் மேல எனக்கு என்ன கோவம்? நீ போ. போறதுக்கு முந்தி பெருசை வாங்கி வச்சுட்டுப் போ.

ஹில்டா: எதுக்கு? காஞ்ச ஷீட்டைத் தொவைக்கவா?

அயூப்: நான் அந்தக் கஸ்டமரைப் பார்த்துட்டு வரேன்மா. நீங்க பேசிக்கினு இருங்க.

ஹில்டா: அப்பா, இங்க பாருங்க. ஏன் அழறீங்க? என்னைப் பாருங்கப்பா. அம்மாவுக்கு எப்பலருந்து நல்லாச்சு?

அசரியா: பச்சையம்மா நின்னதுலருந்து.

ஹில்டா: அவ நின்னதுக்கும் அம்மாவுக்கு நல்லானதுக்கும் என்னப்பா சம்பந்தம்?

அசரியா: நல்லாவே ஆகலம்மா. மத்தியானத்துக்கு மேல விடியற வரைக்கும் உங்கம்மாவுக்கு நான் தண்ணியே குடுக்கிறதில்ல. ராத்திரியில கண்ணைத் தெறந்து கூஜாவையே பாத்துக்கிட்டு இருப்பா... நான் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன்.