என் படத்தின் கீழே எழுதியிருந்த வேலை

புனே, பாணேர் பகுதிக் காவல் நிலையத்தில் 19.01.2026 திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஆஜரான, சிஞ்ச்வட்டில் வசிக்கும் சுப்பையா என்பவரின் மகள் தமிழரசி, வயது 31, தானாக முன்வந்து கொடுத்த வாக்குமூலம். விசாரணை அதிகாரி மராத்தியில் கேட்ட கேள்விகளை மொழிபெயர்ப்பாளர் திரு. ஸ்வாமிநாதன் தமிழில் சொல்ல, மேற்படியார் தமிழில் சொல்லியபடி எழுதப்பட்டது.

என் பெயர் தமிழரசி. நான் மேற்படி விலாசத்தில் என் தந்தையுடன் வசித்து வருகிறேன். தாயார் காலமாகிவிட்டார். தந்தை கட்கியில் உள்ள ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். எட்டாம் வகுப்பு வரை அங்கே சித்தி வீட்டில் இருந்து தமிழில் படித்தேன். அதன் பிறகு புனேயிலேயே வளர்ந்தேன். மராத்தியும் இந்தியும் பேசுவேன். ஆனாலும் நான் கையெழுத்துப் போடும் காகிதம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எனக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். முன்பு ஒருமுறை முழுவதும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதன் பலனைத்தான் கீழே சொல்கிறேன்.

நான் பி.காம். முடித்துவிட்டு சிஞ்ச்வட்டில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் ஸ்டோர்ஸில் ஆறு வருடம் நிரந்தர வேலையில் இருந்தேன். சரக்கு வருவதையும் போவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றும் முறையை அங்கே முதலில் கொண்டு வந்தவள் நான். அதைப் படிப்பாகவே படித்தால் மேலே போகலாம் என்று எண்ணி, 2022-ஆம் வருடம் ஜூலை மாதம் அந்த வேலையை விட்டுவிட்டு, இந்த வழக்கில் புகார்தாரராக உள்ள பாணேர் கல்லூரியில் டிஜிட்டல் பிசினஸ் மற்றும் மேலாண்மை என்ற இரண்டு வருட முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். சேர்ந்த அன்று பதினான்கு பக்கம் கொண்ட ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். கையெழுத்துப் போட்டேன்.

படிப்பைப் பற்றி நான் குறை சொல்ல வரவில்லை. நன்றாகவே படித்தேன். எங்கள் வகுப்பில் அறுபத்திரண்டு பேர். இரண்டாம் வருடக் கடைசியில் எல்லோரையும் போட்டோ எடுத்தார்கள். பெண்களுக்கு என்று கறுப்பு கோட் ஒன்றுதான் இருந்தது. ஒருத்தி கழற்றிக் கொடுக்க அடுத்தவள் போட்டுக்கொண்டாள். என் முறை வந்தபோது அது வியர்வையில் நனைந்திருந்தது, கை நீளமாகவும் இருந்தது. கையை மடித்துக் கட்டி நில் என்றார்கள், நின்றேன்.

அதன் பிறகு 2024 மே மாதம் படிப்பு முடிந்தது. கல்லூரி மூலமாக எனக்கு வேலை எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு நிறுவனங்களின் நேர்முகத்துக்கு அனுப்பினார்கள், இரண்டிலும் தேர்வாகவில்லை. எட்டு மாதம் தேடிவிட்டு, என் பழைய கம்பெனியிலேயே அதே ஸ்டோர்ஸில் ஒப்பந்தக்காரர் மூலம் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். நான் வேலை கற்றுக்கொடுத்த சுனில் என்பவர்தான் இப்போது எனக்கு மேலதிகாரி. அவர் மரியாதையாகவே நடத்துகிறார்.

அதன் பிறகு 2025 பிப்ரவரி மாதம் ஒரு நாள் மாலை என் தந்தை கையில் ஒரு பேடா இனிப்புப் பெட்டியுடன் வீட்டுக்கு வந்தார். வாகட் சிக்னலில் பஸ் நின்றபோது என் படத்தை ஒரு பெரிய விளம்பரப் பலகையில் பார்த்ததாகவும், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டதாகவும் சொன்னார்.

"ஏட்டி, மேனேசர் ஆயிட்டியாமே? பெத்தவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்று கேட்டார்.

நான் "இல்லப்பா, நான் ஸ்டோர்ஸுக்குத்தான் போயிட்டு வாரேன். அது பொய்யிப்பா" என்றேன்.

அதற்கு அவர் "அம்மாம் பெரிய போர்டுல போயி பொய்யி எழுதுவாவளா?" என்றார்.

அவர் அதற்குள் தம்முடன் வேலை பார்த்த ஒன்பது பேருக்குப் போன் செய்து சொல்லியிருந்தார். பேடாப் பெட்டியை ஃப்ரிட்ஜின் மேல் வைத்தார். எறும்பு மொய்க்கும் வரை அதை யாரும் திறக்கவில்லை. ஓய்வு பெற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் இடத்துக்கு அவர் அதன் பிறகு போகவில்லை.

மறுநாள் நானே வாகட் சென்று பலகையைப் பார்த்தேன். அந்தக் கோட்டில், கையைக் கட்டியபடி நான் நின்றிருந்தேன். கீழே "ஸ்டோர்ஸ் குமாஸ்தாவிலிருந்து பன்னாட்டு நிறுவனத்தின் டிஜிட்டல் மேலாளர். அடுத்தது நீங்கள்தான்" என்று ஆங்கிலத்திலும் மராத்தியிலும் எழுதியிருந்தது. என் முழுப் பெயரும் இருந்தது. அந்த வரியில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா என்பது மட்டுமே உண்மை.

அதன் பிறகு கல்லூரிக்குச் சென்று விளம்பரப் பிரிவைக் கவனிக்கும் கேஷவ் என்பவரைச் சந்தித்தேன். அவர் புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், என்னைவிட இளையவர், இந்தி கலந்த தமிழில் பேசுபவர். படத்தை எடுக்கச் சொன்னேன். அவர் தம் லேப்டாப்பைத் திருப்பி ஒரு வரைபடத்தைக் காட்டினார்.

"அக்கா, டென்ஷன் மத் லோ. நம்ம ரெண்டு ஃபோட்டோ டெஸ்ட் பண்ணோம். ஒண்ணு ஒங்க க்ளாஸ் ப்ரீதியோடது, ஒண்ணு ஒங்களோடது. ப்ரீதிக்கு நெஜமாவே நல்ல ஜாப் கெடச்சுது, லேகின் அவங்க ஃபோட்டோ ஓடலை. ஒங்களுது பாத்துட்டுதான் ஜாஸ்தி என்கொயரி வருது. ஒங்க மூஞ்சி நம்பற மாதிரி இருக்கு அக்கா" என்றார்.

இதை அவர் என்னைப் புகழ்வதாக நினைத்துச் சொன்னார் என்பதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு விளம்பரத்தை வைத்து எது ஓடுகிறது என்று பார்க்கும் அந்தச் சோதனையை மூன்றாம் செமஸ்டரில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதே கல்லூரிதான். வேலையை ஏன் பொய்யாகப் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, இன்று இல்லாவிட்டால் நாளை என்ற பொருளில், "ஆஜ் நஹி தோ கல் ஆயிடுவீங்கல்ல அக்கா" என்றார். பிறகு நான் கையெழுத்துப் போட்ட பதினான்கு பக்கத்தில் பதினோராம் பக்கத்தைக் காட்டினார். என் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்த நான் சம்மதித்திருப்பது உண்மை. நான் கொடுத்தது படம். அந்த வேலையை நான் கொடுக்கவில்லை. என்னிடம் இருந்திருந்தால்தானே கொடுக்க முடியும்.

அதன் பிறகு கல்லூரிக்கு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரு நிமிடத்துக்குள், "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று பதில் வந்தது. அவற்றின் நகல்களை இத்துடன் கொடுத்துள்ளேன்.

அதன் பிறகு 2025 ஏப்ரலில் ஹிஞ்சவடியில் ஒரு நிறுவனத்தில் எனக்கு நேர்முகம் நடந்தது. இரண்டு சுற்று முடிந்து, எப்போது சேர முடியும் என்று கேட்கும் நிலைக்கு வந்தார்கள். மூன்றாம் நாள் அங்கிருந்த பெண் அதிகாரி போனில் அழைத்து, நான் மேலாளர் என்று கல்லூரியின் இணையப் பக்கத்தில் இருக்கிறது, விண்ணப்பத்திலோ ஒப்பந்த ஊழியர் என்று இருக்கிறது, இரண்டில் ஒன்று பொய், பொய் சொல்பவரை எங்களால் எடுக்க முடியாது என்றார். நான் சொன்னதுதான் உண்மை என்றேன். கல்லூரியைக் கேட்டோம், அவர்கள் இணையப் பக்கத்தில் உள்ளதுதான் சரி என்றார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எனக்குக் கிடைக்காத வேலையைக் காட்டி, கிடைக்க இருந்த வேலையையும் கெடுத்தார்கள். கல்லூரியின் நற்பெயருக்கு நான் களங்கம் விளைவித்ததாகப் புகாரில் எழுதியிருக்கிறார்கள். என் பெயருக்கு அவர்கள் செய்தது என்ன என்று எழுத அந்தப் புகாரில் இடம் இருக்கவில்லை.

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் மும்தாஜ் என்ற பெண் குடியிருக்கிறாள். வயது 23. அவள் பெற்றோர் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பறை வேலையில் இருந்தாள். 2025 ஜூன் மாதம் ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "அக்கா, ஒங்க போர்டு பாத்தேன். நானும் வேலய விட்டுட்டு அதுலயே சேரலாம்னு இருக்கேன். சேரட்டுமா?" என்று கேட்டாள். நான் "நல்லா யோசிச்சுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டேன். நான் மேலாளர் இல்லை என்று சொல்லவில்லை. பத்து வருடமாக என்னைப் பார்த்து வளர்ந்த பெண்ணிடம் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் ஜூலையில் சேர்ந்துவிட்டாள். இந்த வழக்கில் நான் செய்த குற்றம் என்று ஒன்று இருந்தால் இதுதான். இதற்கு ஏதாவது பிரிவு இருந்தால் அதில் என் மேல் வழக்குப் பதிவு செய்யட்டும்.

அதன் பிறகு இம்மாதம் 16-ஆம் தேதி என் வாட்ஸ்அப்புக்கு மேற்படி கல்லூரியிலிருந்து ஒரு விளம்பரம் வந்தது. அதில் என் படம் இருந்தது. "தமிழரசியால் முடிந்தது, உங்களால் முடியாதா? ஞாயிற்றுக்கிழமை சேர்க்கை முகாமுக்கு வாருங்கள்" என்று எழுதி எனக்கே அனுப்பியிருந்தார்கள். அழைப்பை ஏற்று நேற்று 18-ஆம் தேதி காலை பதினோரு மணிக்குக் கல்லூரிக்குச் சென்றேன். நான் அத்துமீறி நுழைந்ததாகப் புகாரில் இருப்பதால் அந்த அழைப்பைப் போனில் காட்டினேன். அதிகாரி பார்த்துக்கொண்டார்.

வாசல் மண்டபத்தில் ஆள் உயரத்துக்கும் மேலாக என் பேனர் வைத்திருந்தார்கள். அதன் கீழே விசாரணை மேஜையில் கழுத்தில் அடையாள அட்டையுடன் மும்தாஜ் உட்கார்ந்திருந்தாள். முதல் வருட மாணவர்களுக்கு அந்த வேலைக்கு மதிப்பெண் உண்டு. லாதூரிலிருந்து மகளுடன் வந்திருந்த ஒருவரிடம், படத்தில் இருக்கும் அக்கா எங்கள் கட்டடத்தில்தான் இருக்கிறார், எனக்கு நன்றாகத் தெரியும் என்று அவள் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் விண்ணப்பப் படிவத்தைப் பாதி நிரப்பியிருந்தார்.

மும்தாஜ் என்னைப் பார்த்ததும் எழுந்து, "அக்கா! நீங்களே வந்துட்டீங்களா! மேனேஜர் வேல எப்டின்னு இவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள்.

நான் "மும்தாஜ், நான் மேனேஜர் இல்ல. என்னிக்கும் இருந்ததில்ல" என்றேன்.

"வெளயாடாதீங்கக்கா."

"வெளயாடல. காலைல ஏழு மணிக்கு டப்பாவத் தூக்கிட்டு எங்க போறேன்னு நெனச்ச? அதே ஸ்டோர்ஸுக்குத்தான் போறேன்."

அவள் பேனரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு "படில வச்சு கேட்டேனேக்கா. அப்ப ஏன் சொல்லல?" என்றாள்.

லாதூர்க்காரர் என்ன என்று கேட்டார். அவருக்கு மராத்தியில் எடுத்துச் சொன்னேன். அதற்குள் வேறு சிலரும் சுற்றி நின்றார்கள், பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. எனவே என் பைக்குள் இருந்த மார்க்கரை எடுத்து, பேனரில் என் நெஞ்சின் குறுக்கே, "இது நான்தான். நான் மேலாளர் இல்லை. இவர்கள் மூலம் எனக்கு வேலை கிடைக்கவில்லை" என்று மராத்தியில் எழுதிவிட்டு அதன் பக்கத்தில் நின்றேன். மார்க்கரைத் திட்டமிட்டுக் கொண்டுவந்ததாகச் சொல்வது தவறு. ஸ்டோர்ஸில் பெட்டிகளுக்கு எண் எழுதுவது அதைக் கொண்டுதான், எப்போதும் பையில் இருக்கும். நான் கத்தவில்லை. யாரையும் தொடவில்லை. கேட்டவர்களுக்குப் பதில் மட்டும் சொன்னேன். லாதூர்க்காரர் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து வெளியே நடந்தார். ஏழு குடும்பங்கள் என்னால் திரும்பிப் போனதாகப் புகாரில் உள்ளது. நான் எண்ணவில்லை. ஏழு என்றால் ஏழையும் என் பெயரில் எழுதிக்கொள்ளட்டும்.

அதன் பிறகு காவலாளிகள் இருவர் என்னை ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். காவல் துறையினர் வந்து நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். மாலையில் கேஷவ் நிலையத்துக்கு வந்து ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு மன்னிப்புக் கடிதத்தை என்னிடம் நீட்டி, "ஒரு ஸைன்தான் அக்கா. கம்ப்ளெயிண்ட் வாபஸ் ஆயிடும். பேனரும் எடுத்துடுவோம்" என்றார். இந்த முறை நான் முழுவதும் படித்தேன். பன்னாட்டு நிறுவனத்தில் மேலாளராக உள்ள நான், அங்கே பதவி உயர்வு கிடைக்காத மன வருத்தத்தில் இவ்வாறு நடந்துகொண்டேன் என்று அதில் இருந்தது. மன்னிப்புக் கேட்கும்போதும் நான் மேலாளராகவே கேட்க வேண்டுமாம். கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். அதன் பிறகு, இன்று ஆஜராகச் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பேனரில் நான்தான் எழுதினேன். அதற்கான தண்டனை எதுவோ அதை ஏற்கிறேன். என் படத்தையும் பெயரையும் எல்லாப் பலகைகளிலிருந்தும் இணையப் பக்கத்திலிருந்தும் எடுக்க வேண்டும் என்பதும், எனக்கு வேலை எதுவும் வாங்கித் தரவில்லை என்று மேற்படி ஹிஞ்சவடி நிறுவனத்துக்குக் கல்லூரி எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் என் கோரிக்கை. இதைத் தனிப் புகாராகவும் கொடுத்துள்ளேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மும்தாஜ் காலை பத்து மணியிலிருந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். சேரும்போது அவளிடம் என்ன சொன்னார்கள், நேற்று மற்றவர்களிடம் அவளை என்ன சொல்லச் சொன்னார்கள் என்பதைச் சொல்ல வந்திருப்பதாகக் காவலரிடம் தெரிவித்திருக்கிறாள். என்னிடம் அவள் இன்னும் பேசவில்லை. அவளுக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாது. ஆகையால் அவள் சொல்வதை எழுதிய பிறகு, அவசரப்படுத்தாமல், ஒரு வரி விடாமல் படித்துக் காட்டிவிட்டு அவளிடம் கையெழுத்து வாங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ள ஏழு பக்கங்களையும் நானே படித்துப் பார்த்தேன். நான் சொன்னது விடுபடவும் இல்லை, சொல்லாதது சேரவும் இல்லை. நடந்தது இதுவே என்று உறுதி கூறி ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சு. தமிழரசி
ஒப்பந்த ஊழியர், ஸ்டோர்ஸ் பிரிவு

என் முன்னிலையில் படித்துக் கையொப்பமிட்டார்.
(ஒப்பம்) ஸ்வாமிநாதன், மொழிபெயர்ப்பாளர்