கோல்கீப்பரை மாற்றினால் சரியாகிவிடும்

எங்கள் ஊரில் ஆயிரத்து எண்ணூறு பேர் இருக்கிறோம். அத்தனை பேரும் ஐஸ் ஹாக்கிப் பயிற்சியாளர்கள்தான். மரே ஸ்டாட்னிக் ஒருவர்தான் அதற்குச் சம்பளம் வாங்குகிறார், அதனால் அவர் சொல்வதை மட்டும் யாரும் கேட்பதில்லை. நீங்கள் கடலோரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், ஆபீசர். இந்தச் சமவெளிக் குளிரில் எங்களுக்குப் பேச வேறு விஷயமும் கிடையாது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

பேட்ஜர்ஸ் அணியின் சாமான்களுக்கு நான் பொறுப்பு. இருபத்திரண்டு வருடமாக ஜெர்சி துவைக்கிறேன், மட்டைகளுக்கு டேப் சுற்றுகிறேன், ஸ்கேட்டுகளின் பிளேடைக் கூர்தீட்டுகிறேன். ஒருவன் எந்தக் காலில் சாய்ந்து ஓடுகிறான், எந்தக் காலை நம்புவதில்லை என்று அவன் பிளேடைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

இந்த சீசனில் முதல் பதினொரு ஆட்டத்தில் ஒன்பதில் தோற்றோம். பனியில் கல் உருட்டி ஆடும் கர்லிங் அரங்கத்துக் கேன்டீனில் தினமும் காலை பத்து மணிக்கு விசாரணை நடக்கும். டிராக்டர் கடை வெர்ன் கிளாசன்தான் நீதிபதி.

"கோல்ல நிக்கிறது ஆளா, இல்ல வேலிக் கம்பமா? கம்பமா இருந்தாலாவது நாலு மேல பட்டுத் திரும்பும்," என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். "கீப்பர மாத்துங்கய்யா. எல்லாம் தானா சரியாயிடும்."

தபால் நிலையத்து கிளாடிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "நாப்பது தடவ அடிச்சா அஞ்சு உள்ள போகத்தான் செய்யும். முன்னாடி நிக்கிறவங்க என்ன பண்றாங்க? அந்த இடது பக்கம் கல்யாண வீட்டு வாசல் மாதிரி தெறந்து கெடக்கு. வர்றவன எல்லாம் வாங்க வாங்கன்னு கூப்பிட்டு உள்ள விடுறாங்க."

அப்புறம்தான் மூலை மேஜையில் என்னைப் பார்த்தாள். சட்டென்று தேநீரைக் குடிக்க ஆரம்பித்தாள். இடது பக்கத் தடுப்பில் ஆடுவது நாலாம் நம்பர். என் மகன் ப்ரோடி.

எனக்குக் கோபம் வரவில்லை. ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும்தான். தட்டிலிருந்த கொழுக்கட்டைகளைச் சாப்பிட்டு முடித்துவிட்டு வேலைக்குப் போனேன். கோல்கீப்பர் டெவன் ரெம்பலின் ஸ்கேட்டுகள் கூர்தீட்டுவதற்காக என் மேஜையில் இருந்தன.

ஒவ்வொரு பிளேடுக்கும் இரண்டு விளிம்பு உண்டு. எதிராளி ப்ரோடியின் பக்கமாக வந்தால் கோல்கீப்பர் தன் இடது புறம் பாய வேண்டும். அதற்கு வலது காலின் உள்விளிம்பு பனியைக் கவ்விப் பிடிக்க வேண்டும். அந்த விளிம்பின்மேல் சாணைக்கல்லை அழுத்தி இரண்டு தடவை இழுத்தால் போதும், பிடிப்பு போய்விடும். பார்த்தால் தெரியாது. நான் டெவனைக் கெடுக்கவில்லை. ஊரே கண்டுபிடித்த குறையைக் கொஞ்சம் தெளிவாக்கினேன், அவ்வளவுதான்.

அடுத்த ஆட்டத்தில் அவன் மூன்று தடவை சறுக்கினான். அதற்கடுத்த ஆட்டத்தில் கோலுக்குப் பின்னாலிருந்த கண்ணாடித் தடுப்பில் யாரோ ஒரு சல்லடையைத் தொங்கவிட்டார்கள். குழந்தைகூடப் பிடித்துவிடும் பந்தை அவன் பிடித்தால் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். பந்து என்று பழக்கத்தில் சொல்கிறேன். அது ரப்பர் வட்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் டெவன் என் அறைக்கு வந்தான். "ஹாலிக் சார், வலது கால் பிடிக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்."

வாங்கிப் பார்த்தேன். "பிளேடுல ஒண்ணுமில்லப்பா. பிரச்சின இங்க இருக்கு," என்று என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். "மனசப் போட்டுக் கொழப்பிக்காத."

"தேங்க்ஸ் சார்," என்றான். அதன்பிறகு ஆட்டத்துக்கு முன்னால் அவன் எதையும் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் வாந்தி எடுத்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் என் அறையிலிருந்துதான் அம்மாவுக்குப் போன் செய்து அழுதான். யாரும் தொந்தரவு செய்யக் கூடாதென்று நானே வெளியில் வந்து கதவைச் சாத்தினேன்.

ஜனவரியில் வியாபாரம் முடிந்தது. டெவனையும், எங்களிடம் கோல் போடத் தெரிந்த ஒரே ஆளையும் வடக்கே ஒரு சுரங்க ஊர் அணிக்குக் கொடுத்துவிட்டு யூஹோ என்ற பின்லாந்துப் பையனை வாங்கினோம். வெர்ன் கேக் கொண்டுவந்து வெட்டினார். டெவன் அங்கே போய் ஏழு ஆட்டத்தில் ஒன்றில்தான் தோற்றான். இதை கிளாடிஸ் தபால்தலை கேட்டு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சிலருக்கு இட மாற்றம் ஒத்துக்கொள்ளும் என்றேன் நான்.

யூஹோவுக்கு இருபது வயது. அதிகம் பேசமாட்டான், பேசினால் மரியாதையாகப் பேசுவான். முதல் ஆட்டத்தில் நாற்பத்தைந்து அடிகளைத் தடுத்தான். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம்.

"பாத்தீங்களா? புது கீப்பர் வந்ததும் எல்லாம் சரியாயிடுச்சு," என்றார் வெர்ன்.

"தோத்துட்டோமேய்யா," என்றாள் கிளாடிஸ்.

"தோத்தோம். ஆனா எவ்ளோ நல்லாத் தோத்தோம்!"

நான் யூஹோவைத் தொடவில்லை. அவனுக்கு வாய்ப்புக் கொடுத்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஆனால் அடுத்த வாரம் உடை மாற்றும் அறையில், எல்லோர் முன்னிலையிலும், அவன் பலகையில் படம் வரைந்து மரேயிடம் காட்டினான். "கோச், இந்தப் பக்கம் எப்பவும் நான் தனியாத்தான் இருக்கேன். நாலாம் நம்பர் எங்க போறாரு?"

குற்றம் சொல்ல வேண்டுமென்று கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான். ப்ரோடி தரையைப் பார்த்தான். மரே படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ப்ரோடி, சனிக்கிழம ஒரு ஆட்டம் பாப்பேன். சரியில்லன்னா உக்கார வச்சிடுவேன்."

அந்தச் சனிக்கிழமைதான் ஒரு கல்லூரி அணியிலிருந்து ப்ரோடியின் ஆட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. மூன்று வருடமாக நான் கடிதம் எழுதி எழுதி வரவழைத்தது.

வெள்ளிக்கிழமை யூஹோவின் ஸ்கேட் என் மேஜைக்கு வந்தது. அவன் டெவனைவிடக் கால் வலுவுள்ளவன், இரண்டு தடவை போதாது. நான்கு தடவை இழுத்தேன். வேலையென்று வந்துவிட்டால் நான் அரைகுறையாகச் செய்வதில்லை.

இரண்டாம் பகுதியின் நடுவில் எதிரணி ஆள் ஒருவன் இடது பக்கமாக முழு வேகத்தில் வந்தான். யூஹோ அந்தப் பக்கம் பாய்ந்தான். வலது கால் வழுக்கியது. தலை கோல் கம்பத்தை நோக்கிப் போன அதே நேரத்தில் வந்தவன் அவன்மேல் விழுந்தான். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அரங்கத்தில் எத்தனையோ சத்தம் கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

பதினொரு வாரமாகப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறான். பின்லாந்திலிருந்து அவன் அம்மா வந்திருக்கிறாள். தினமும் காலையில் "நீங்க யாருங்க?" என்று அவளைக் கேட்கிறானாம். இப்போதும் மரியாதையாகத்தான் கேட்கிறான் என்று நர்ஸ் சொன்னாள். நான் ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

கேன்டீனில் இரண்டு நாள் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். மூன்றாம் நாள் வெர்ன், "பாவம்தான். இருந்தாலும் நமக்கு இப்ப ஒரு நல்ல கீப்பர் வேணும்," என்றார்.

யூஹோவின் சாமான்களை அவன் அம்மாவிடம் கொடுப்பதற்காக ப்ரோடி எடுத்துக் கட்டினான். கட்டும்போது பிளேடைத் தடவிப் பார்த்திருக்கிறான். அந்த ஸ்கேட்டோடு என் அறைக்கு வந்தான்.

"அப்பா, இது என்ன?"

"தேஞ்சிருக்கும்."

"ஒரு காலுல, ஒரு ஓரம் மட்டுமா?"

அவன் என் சாணைக்கல்லைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

"நான் மெதுவாத்தான் ஓடறேன்ப்பா. எனக்கு எட்டு வயசுலேந்தே தெரியும். இந்த ஊருக்கே தெரியும். நான் ஒண்ணும் கல்லூரி டீமுக்கு ஆசப்படல. வெல்டிங் கத்துக்கப் போறேன்னு எத்தன தடவ சொன்னேன்? நீங்க காதுலயே போட்டுக்கல."

"நீ இப்ப அதிர்ச்சில இருக்க," என்றேன். "போய்ப் படு."

அவன் படுக்கவில்லை. ஸ்கேட்டைத் துணியில் சுற்றி உங்களிடம் கொண்டுவந்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. தன் கோல்கீப்பருக்காகப் பெற்ற அப்பனையே எதிர்த்து நிற்கிறான் பாருங்கள், நல்ல தடுப்பாட்டக்காரனின் குணம் அது. கல்லூரிக்காரர்கள் அந்தக் குணத்தைத்தான் தேடுகிறார்கள். உங்கள் அறிக்கையில் அதற்கு இடமிருந்தால் சேர்க்கலாம்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். டெவன் ரெம்பலின் பிளேடை ஆட்டத்துக்கு முன்னால் ஒன்பது தடவையும், யூஹோவின் பிளேடை ஒரு தடவையும், ஓரெஸ்ட் ஹாலிக் ஆகிய நான்தான் தெரிந்தே மழுக்கினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. விழுவார்கள் என்று தெரியும். விழ வேண்டும் என்றுதான் செய்தேன். பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அதற்கு முன் ஒரே ஒரு திருத்தம். மூன்றாம் பக்கத்தில், 'ப்ரோடி ஹாலிக்கைத் தாண்டி வந்த ஆட்டக்காரர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அன்றைக்கு அந்த ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் ப்ரோடி இல்லை.