எங்கட ஆக்கள் இல்லாத கடற்கரை

லண்டன் மனோர் பார்க்கில் பஸ் ஏறியதிலிருந்து என் காதில் இயர்போன் இருந்தது. பாட்டு ஒன்றும் ஓடவில்லை. ஒட்டுக்கேட்பவனுக்கு அதைவிட மரியாதையான வேடம் கிடையாது. முன் சீட்டில், வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதில் ஒரு கணவனும் மனைவியும்.

"தாய்லாந்துதான்," என்றார் கணவர். "இஞ்சத்தைப் பென்ஷனில அங்க ராசா மாதிரி இருக்கலாம். முக்கியமா, எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

"வெயிலும் கடலும் வேணுமெண்டால் யாழ்ப்பாணம் போகலாமேயப்பா."

"அங்க முழுக்க எங்கட ஆக்கள். கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் கூட்டம். இஞ்ச லண்டனிலயும் கோயில் சபை, அது இதெண்டு ஒரு சனிக்கிழமையும் நான் வீட்டில கிடக்கேல்லை. கடைசிக் காலத்திலயாவது என்னை ஆருக்கும் தெரியாத ஊரில சாரத்தைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க விடும்."

மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

"நான் அக்காவுக்குச் சொல்லிப்போட்டன்."

"சொன்னால் என்ன?"

"அவையளும் வருகினமாம். அக்கா தன்ர மச்சாளுக்குச் சொல்ல, அவையளும் வருகினம். வாட்ஸ்அப் குரூப்பும் துவங்கியாச்சு. அங்க ஒரு பிள்ளையார் கோயில் கட்டப் போகினமாம். நேற்று நிர்வாக சபையும் தெரிஞ்செடுத்திட்டினம்."

கணவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப தாய்லாந்து வேண்டாம். வேற நாடு பாப்பம்."

"உங்கட பேரும் சபையில இருக்கு."

"என்னவா?"

"உபதலைவர்."

நான் இறங்க வேண்டிய தரிப்பு வந்தது. இறங்குவேனா?

பஸ் அதைத் தாண்டியதும் கணவர் மெல்லக் கேட்டார்:

"அங்கயும் உபதலைவர்தானோ?"