காதுக்குள் இரையும் வண்டு

நீங்கள் கொஞ்சம் உரத்துக் கேட்டால் நல்லது, இன்ஸ்பெக்டர் ஐயா. சில வாரங்களாக என் காதுக்குள் ஒரு வண்டு இரைந்துகொண்டிருக்கிறது. இங்கே அடைத்த பிறகு சற்றுக் குறைந்திருக்கிறது. உங்கள் மறியல் அறையின் காற்று நல்லதோ என்னவோ. மற்றப்படி உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் காட்டில் காய்ச்சல் தொடாத ஆள் நான் ஒருவன்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

பெயர் சீவரத்தினம். வட்டுக்கோட்டையில் தம்பிராசாவின் தேத்தண்ணிக் கடையில் பத்திரிகை வாசித்துச் சொல்வது என் வேலை. சம்பளம், தேத்தண்ணி. அச்சில் இருப்பதை எவனும் வாசிப்பான்; அச்சடிக்காமல் விட்டதை வாசிக்க ஒரு ஆள் வேண்டுமல்லவா? மலேரியா என்கிற குலைப்பன் காய்ச்சல் பரவிய காலத்தில், ஊருக்கு அரசாங்க ஆளான விதானைமார் மூலம் அதற்குரிய கொயினாக் குளிசை இலவசமாகக் கிடைக்கும் என்று செய்தி வந்தது. நான் ஒரு கேள்விதான் கேட்டேன். நாய்க்கும் வரி வாங்குகிற அரசாங்கம் மனிதனுக்குச் சும்மா மருந்து தருமா?

பதிலையும் நானே சொன்னேன். அந்தக் குளிசை பெண்களின் வயிற்றை அடைத்துவிடும். பேரப்பிள்ளை காலத்தில் யாழ்ப்பாணம் வெறுங்காணியாகும். பிறகு வெள்ளைக்காரன் ரப்பர் நடுவான்.

"எங்கடை மண்ணிலை ரப்பர் வராதே," என்றான் தம்பிராசா.

"அதுதான் அவன்ரை கெட்டித்தனம். ஒருத்தரும் சந்தேகப்படமாட்டினம்."

கடை முழுவதும் சிரித்தது. தம்பிராசா கேத்திலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

என் தங்கை இராசமலர் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. முந்தின வருஷம் அவளுடைய கைக்குழந்தை ஆஸ்பத்திரியில் இறந்துபோனது. ஏன் என்று அவளுக்கு விளங்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி ஊசிதான் என்று நான் சொன்னேன்.

கொடிகாமத்துக்குக் கிழக்கே, பற்றைக்காட்டுக்குள் அவளுக்குச் சீதனமாக வந்த பனங்காணி ஒன்று கிடந்தது. பக்கத்தில் குளம். அங்கே போய்ப் பனையை மட்டும் நம்பி வாழ்வது என்று தீர்மானித்தோம். கடைச் சாமான் ஒன்றும் கூடாது. அவளுடைய கணவன் ஆழ்வாப்பிள்ளை, வெட்டாத புகையிலையைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வண்டிலில் சாமான் ஏற்றினான்.

"மச்சான், நெருப்புப்பெட்டியும் கூடாதோ?"

"கூடாது. அது கப்பலிலை வந்தது."

"அப்ப சுருட்டை என்னத்தாலை பத்துறது?"

"அடுப்புத் தணலாலை."

"அப்ப என்ரை சுருட்டுக்காகத்தான் உவள் அடுப்பு மூட்டப்போறாள்," என்று சிரித்தபடி மாட்டைத் தட்டினான். நல்ல மனிதன். நான் சொன்னதில் பாதி அவனுக்கு விளங்காது; மீதியை அப்படியே நம்புவான்.

அவனைப் பார்த்து இன்னும் மூன்று குடும்பங்கள் வந்தன. பொழுதுபட ஒடியல் கூழ் குடித்துவிட்டு எல்லோரும் என்னைச் சுற்றி இருப்பார்கள். நான் கதைப்பேன். ஒரு சிரிப்பும் கேட்காது. அந்த அமைதி எனக்குப் பழகிவிட்டது, ஐயா.

நுளம்பு இருந்தது, மறுக்கவில்லை. நுளம்பு குத்துவது இயற்கை, ஊசி குத்துவதுதான் செயற்கை என்று விளங்கப்படுத்தினேன். ஆகவே இராசமலரின் மகள் பத்மாசினிக்குக் குலைப்பன் கண்டபோது யாரும் பதறவில்லை. உடம்பில் கிடந்த பழைய நஞ்சு வெளியேறுகிறது என்றேன். மருந்தோடு வேலி வரைக்கும் வந்த விதானையாரை ஆழ்வாப்பிள்ளை பொல்லோடு துரத்தினான்.

தாய் மட்டும் கொஞ்சம் பதறியிருக்கிறாள். விறகு பொறுக்கப் போன இடத்தில் விதானையாரைக் கண்டு குளிசை வாங்கி, ஒவ்வொன்றையும் காய்ந்த பனம்பழக் களியான பனாட்டில் ஒரு துண்டுக்குள் வைத்து உருட்டி, உறியில் தொங்கிய முட்டிக்குள் ஒளித்துவைத்திருந்தாள். இதை எனக்குச் சொன்னது பிள்ளைதான். நான் பாய்க்குப் பக்கத்தில் இருந்தேன்.

"மாமா, அம்மா தாற பனாட்டு உள்ளுக்குக் கைக்குது. ஆனா நடுக்கம் குறைஞ்சிட்டுது. அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, ஒளிச்சுத்தான் தாறா."

"சொல்லமாட்டன்," என்றேன். சொல்லவில்லை. வாக்குத் தவறுகிறவன் அல்ல நான்.

ஆனால் யோசித்தேன். பிள்ளை எழும்பி ஓடித் திரிந்தால் தாய் வாயை மூடிக்கொண்டிருப்பாளா? நாலு குடும்பமும் விதானை வீட்டுப் படலையில் நிற்கும். ஒரு பிள்ளையா, ஒரு சந்ததியா? அத்தோடு, உண்மையை முழுவதும் சொல் என்று கேட்டபடியால் சொல்கிறேன், செய்தி தம்பிராசாவின் கடைக்கும் போகும். அவன் கேத்திலைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிற விதம் உங்களுக்குத் தெரியாது.

நான் யார்மீதும் கை வைக்கவில்லை. முட்டியை இறக்கி, ஒவ்வொரு உருண்டையாகப் பிரித்து, குளிசையை எடுத்துவிட்டு மறுபடியும் உருட்டி வைத்தேன். இராசமலரின் உருட்டலைவிட என்னுடையது நேர்த்தி. அவள் புதிதாக உருட்டி வைக்கவைக்க நானும் எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்ததை எங்கே போடுவது? கிணற்றில் போட்டால் தண்ணீர் கெடும். மண்ணில் புதைத்தால் பனை உறிஞ்சும். எல்லோருக்கும் வரவேண்டிய கேடு எனக்கு மட்டும் வரட்டும் என்று நானே விழுங்கினேன். இந்தத் தியாகத்தை உங்கள் அறிக்கையில் எங்கேயும் காணோம்.

"இப்ப பனாட்டு இனிக்குது, மாமா," என்றாள் பத்மாசினி.

நடுக்கம் திரும்பி வந்தது. கண் மஞ்சளித்தது. பிள்ளை பிதற்றத் தொடங்கியபோது இராசமலர் என் காலில் விழுந்தாள்.

"அண்ணை, உங்களுக்கு ஒளிச்சுக் கொயினா குடுத்திட்டன். அந்த நஞ்சாலைதான் பிள்ளைக்கு இப்பிடிக் கூடிப்போச்சு."

நான் அவளை மன்னித்தேன்.

அடுத்த நாள் பிள்ளை போய்விட்டது. அன்று அந்தக் காட்டில் என் சொல்லைச் சந்தேகிக்க ஒரு ஆள் இல்லை. மற்றக் குடும்பங்களில் படுத்துக் கிடந்தவர்கள்கூடத் தலையாட்டினார்கள்.

செத்தவீட்டுக்கு விதானையார், செபநாயகம் என்ற ஆஸ்பத்திரி அப்போதிக்கரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். தான் மருந்து கொடுத்ததை இராசமலர் அழுதழுது அப்போதிக்கரியிடம் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. "கொஞ்சம் உரத்துக் கதையுங்கோ, காதுக்குள்ளை வண்டு இரையுது," என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அவர் என் காதுக்குக் கிட்ட வந்து உரத்துக் கேட்டார்.

"அவ்வளவு கொயினா உள்ளுக்குப் போயிருந்தாப் பிள்ளைக்குத்தான் காது இரைஞ்சிருக்கவேணும். உமக்கேன் காணும் இரையுது?"

இராசமலர் அழுகையை நிறுத்திவிட்டு உறியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அடுப்படியில் சாத்தியிருந்த பொல்லை ஆழ்வாப்பிள்ளை எடுத்தான். விதானையார் குறுக்கே விழுந்திருக்காவிட்டால் இந்த வாக்குமூலம் உங்களுக்குக் கிடைத்திருக்காது.

எடுத்தது நான்தான், ஐயா. எடுத்தால் பிள்ளை பிழைக்காது என்பதும் எனக்குத் தெரியும். கையெழுத்து எங்கே வைக்கவேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் வைக்கும் முன் ஒன்றைக் கேட்கிறேன். அதே குளம், அதே நுளம்பு, அதே ஒடியல் கூழ். எல்லோரும் படுத்தார்கள், எனக்கு மட்டும் ஒருநாளும் நடுக்கம் வரவில்லை. பனையின் மகிமைக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?