மெதுவாகிப் போன டிஸ்க்

“நீங்க மாத்துனதாலதாங்க டிஸ்க்கு மெதுவாகுது.”

அறந்தாங்கி பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் கணவனிடம் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் கலைந்தது. இருவருக்கும் ஒரே கம்பெனி என்று பேச்சிலிருந்து புரிந்தது. கம்ப்யூட்டர் டிஸ்க்கில் எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் புரோகிராமை அவன் எழுதுகிறான், அவள் சோதிக்கிறாள்.

“சரியாப் பாத்தியா?”

“பழசையும் புதுசையும் மாத்தி மாத்தி ஓட்டிட்டேன். புதுசுதான் மெதுவா வருது.”

“என் வேல நிரந்தரமாகட்டும். அதுவரைக்கும் சொல்லாத.”

“ஆசுபத்திரிக்கெல்லாம் இதத்தான் போடப்போறாங்க. ஸ்கேன் படம் தொறக்காம டாக்டரு காத்துக்கெடப்பாரு.”

“வேல போச்சுன்னா புள்ளைக்கு என்ன செய்வ?”

“காலையிலேயே மேனேஜருக்கு ரிப்போர்ட் அனுப்பிட்டேங்க.”

“எம்பேரு போட்டா?”

“ஆமா.”

பஸ் வல்லத்திராக்கோட்டையைத் தாண்டியது. அவன், அவள் மடியில் தூங்கிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முன்னால் காலியாக இருந்த சீட்டுக்குப் போய்விட்டான்.